கடல் இல்லாத ஊரில் உப்பு

அத்தியாயம் 4

உடைந்த ஸ்பிரிங்கைத் தடவிய விரலை மகா நாக்கில் வைத்ததும் டிரேவர் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மேடம், எதிர்லயே ஒரு தர்ஷினி இருக்கு. இட்லி சூடா கிடைக்கும்."

மகா காதில் வாங்கவில்லை. இன்னொரு முறை தடவினாள், இன்னொரு முறை ருசி பார்த்தாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைப் பார்த்துக் கணக்குச் சொல்லும் வேலையில் இருந்தவள் அவள். அங்கே உண்மையைக் கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டதால், இப்போது அல்சூரில் ஒரு டெய்லர் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். டிரேவர் அவளுடைய உதவியாளன். உதவி எப்போதாவது வரும், பேச்சு எப்போதும் வரும்.

அவர்கள் நின்றுகொண்டிருந்தது ஹெப்பகோடி காவல் நிலையத்துக்குப் பின்னால், விபத்தில் சிக்கிய வண்டிகளை நிறுத்தி வைக்கும் காலி மனையில். எதிரே மூக்கு நசுங்கிய ஒரு வெள்ளை டாக்ஸி. போன வாரம் ஓசூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது அதன் பின்பக்க இடது ஸ்பிரிங் படாரென்று உடைந்து, வண்டி நடுத்தடுப்பில் போய் முட்டியது. நல்லவேளையாக உள்ளே சவாரி இல்லை. ஓட்டிய கிருஷ்ணப்பாவுக்கு வலது கால் முறிந்தது. பழி முழுவதும் மெக்கானிக் ஓஸ்வால்ட் தலையில் விழுந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஸ்பிரிங்கை மாட்டியவர் அவர்தான். பழைய இரும்புக் கடையில் வாங்கியதற்குப் பெயின்ட் அடித்துப் புதுசு என்று மாட்டிவிட்டார் என்பது புகார்.

அந்த ஓஸ்வால்ட்தான் மகாவை அமர்த்தியவர். இப்போது கைகளைப் பிசைந்தபடி பக்கத்தில் நின்றார். சிவாஜிநகரில் அவருடைய ஒர்க்‌ஷாப்பில் எப்போதும் டாக்ஸிகள் வரிசையில் நிற்கும். செய்தி பரவியதிலிருந்து ஒவ்வொருவராக வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை, சாவியை மட்டும் கேட்டார்கள். அவர் மனைவி பியாட்ரிஸ் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவில்லை. அவளிடம் யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான்.

"உப்பு," என்றாள் மகா.

ஓஸ்வால்ட் அங்கே கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். வண்டியைக் காட்ட வந்திருந்த எஸ்.ஐ. அம்ருதாவின் புருவம் மேலே ஏறியது.

ஏன் என்று புரிய வேண்டுமானால் ஒன்று தெரிய வேண்டும். பெங்களூருக்குப் பக்கத்தில் கடல் இல்லை. இங்கே இரும்பு துருப்பிடித்தால் அது மழையில் துருப்பிடிக்கும், சோம்பேறித்தனமாக. உப்பு அரித்த இரும்பு என்றால் அது சென்னையிலோ மங்களூரிலோ கடற்கரைப் பக்கம் ஓடிய வண்டியின் இரும்பு. அந்த மாதிரி வண்டிகளைப் பிரித்து விற்கிற சாமான்கள் லாரி ஏறி சிவாஜிநகர் சந்துகளுக்குத்தான் வந்து சேரும். ஓஸ்வால்டின் ஒர்க்‌ஷாப் அங்கேதான் இருக்கிறது.

"நீங்க யார் சைடு மேடம்?" என்று அம்ருதா நிஜமான அக்கறையோடு கேட்டாள். கோலார் தங்கவயலில் வளர்ந்தவள், தமிழ் அவளுக்குத் தெருவில் கிடைத்தது.

"மாதா சத்தியமா புதுசு," என்றார் ஓஸ்வால்ட். "ரெண்டு ஸ்பிரிங்கும் ஒரே டப்பா. என் கையால பிரிச்சேன்."

டப்பாவைக் கொடுத்த கடைக்காரர் கடையைக் காலி செய்துவிட்டு ஊருக்கே போய்விட்டார். கிருஷ்ணப்பாவின் மனைவி யசோதா தினமும் வந்து ஸ்டேஷனையே இரண்டாக்குவதாகவும், நாளைக் காலை புகாரில் கையெழுத்துப் போட வரப்போவதாகவும் அம்ருதா சொன்னாள். போட்டுவிட்டால் எஃப்.ஐ.ஆர். அதற்குப் பிறகு ஓஸ்வால்ட் நிரபராதி என்று எந்தக் கோர்ட்டு சொன்னாலும் எந்த டாக்ஸிக்காரனும் அவரிடம் வண்டியை விட மாட்டான். அது அங்கே இருந்த நாலு பேருக்கும் தெரிந்தது.

மகா டிரேவரைப் பார்த்தாள். டிரேவர் தன் புதுச் சட்டையைப் பார்த்தான்.

"கீழ போ."

போனான். வண்டிக்கடியில் ஏற்கெனவே ஒரு பூனை படுத்திருந்தது. அதனோடு கொஞ்ச நேரம் இடத்தகராறு நடந்தது. பிறகு அவன் குரல் மட்டும் வந்தது. வலது பக்க ஸ்பிரிங் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருக்கிறதாம். இடது பக்கம் ஸ்பிரிங் மட்டுமில்லை, அது உட்காரும் இரும்புக் கிண்ணம், பக்கத்து போல்ட், பிரேக் குழாயைப் பிடிக்கிற கிளிப் எல்லாமே பொரிந்துபோயிருக்கிறதாம். டயருக்கு மேலேயிருந்து கீழ்நோக்கி வெள்ளைவெள்ளையாகக் கோடுகள். கிண்ணத்து ரப்பருக்குள் ஒரு கல் வேறு சிக்கியிருக்கிறது.

"தூக்கிப் போடவா?"

"போட்டா நீயும் அது கூடவே போயிடு."

அவன் உள்ளங்கையில் வந்தது மிளகை விடக் கொஞ்சம் பெரியதாக, அழுக்கேறிய ஒரு கல். மகா அதைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். வெயிலில் பிடித்தாள். பிறகு டிரேவர் எதிர்பார்த்ததையே செய்தாள்.

"கல்லுப்பு," என்று அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். "கடல் காத்துல உப்பு வரும், கல்லு வராது. கடலோர வண்டியோட ஸ்பிரிங்னா அந்த ஸ்பிரிங் மட்டும்தான் அரிச்சிருக்கணும். இங்க சுத்தி இருக்கிற இந்த வண்டியோட சொந்த இரும்பும் அரிச்சிருக்கு. மேலேர்ந்து யாரோ உப்புத் தண்ணிய ஊத்திருக்காங்க. ஒரு தடவை இல்ல, பல தடவை."

ஓஸ்வால்ட் டயரை விட்டு எழுந்தார். அம்ருதா அவரை மறுபடி உட்காரச் சொல்லவில்லை. ஆனால் அவள் போலீஸ்காரி. நாக்கு சாட்சி சொன்னதாக எழுத ஃபாரத்தில் இடம் கிடையாது என்றாள். யார் ஊற்றியது, எதற்கு ஊற்றியது, அதைக் கொண்டு வந்தால் கையெழுத்தை நிறுத்தி வைக்கலாம்.

"ஆய்த்து," என்று அம்ருதாவின் கன்னடத்திலேயே சரி சொன்னாள் மகா.

டிரேவரின் ஸ்கூட்டர் பின்பக்கம் கீச்சிடும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு கீச், ஒவ்வொரு வேகத்தடை ஹம்ப்புக்கும் இரண்டு. ஹெப்பகோடியிலிருந்து சிவாஜிநகர் வரைக்கும் எத்தனை என்று எண்ணுகிறவன் வேறு வேலைக்கு ஆகமாட்டான். ஒரு மாதமாக அதைக் காட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் மகா. வண்டிக்கு வயது வந்துவிட்டது, பாடுகிறது, பாடட்டும் என்று அவன் விட்டுவிட்டான்.

ஓஸ்வால்டின் ஒர்க்‌ஷாப்பைப் பார்க்கப் போகும் வழியில், சில்க் போர்டு சிக்னலில் நின்றபோது அவன் குற்றவாளிகளை வரிசையில் நிறுத்தினான். ஒரு ஸ்பிரிங் உடைவதற்கு என்னென்ன காரணம் இருக்கும்? ஓவர்லோடு. ஆனால் கிருஷ்ணப்பா நாலு பேருக்கு மேல் ஏற்றாதவர். பள்ளமும் ஹம்ப்பும் இருக்கின்றன. ஆனால் இடது சக்கரம் விழுந்த அளவுக்கு வலது சக்கரமும் பள்ளத்தில் விழுந்திருக்கும், அது மட்டும் எப்படி மாப்பிள்ளையாக நிற்கிறது? சரியாக மாட்டவில்லை என்றால் இரண்டு வருஷம் தாங்காது, இரண்டாவது வாரமே பல்லைக் காட்டியிருக்கும். மட்டமான சரக்கு என்றால் ஒரே டப்பாவில் வந்த தம்பி மட்டும் எப்படி நல்லவன்? ஆக மிச்சமிருப்பது உப்பு ஒன்றுதான்.

"உப்புத் தண்ணி தேங்கி நின்னு பெயின்ட அரிக்கும். அப்புறம் இரும்புல சின்னதா ஒரு கீறல் விழும்," என்றாள் மகா. "மிச்ச வேலைய பள்ளம் பாத்துக்கும்."

"மேடம், அந்தப் பூனை."

"எந்தப் பூனை?"

"இவ்ளோ பெரிய கிரவுண்டு, எத்தன வண்டி நிக்குது. பூனை இந்த வண்டிக்கடியில வந்து ஏன் படுக்கணும்? மீன் மேடம். மீன் பெட்டியில ஐஸோட கல்லுப்பு போடுவாங்க. டிக்கில பெட்டி, ஐஸ் உருகுது, ஓட்டை வழியா சொட்டு சொட்டா ஸ்பிரிங் மேல."

மகா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவனிடமிருந்து உதவி வரும் அந்த எப்போதாவது இதுதான் போலிருந்தது. சிக்னல் விழுந்தது, ஸ்கூட்டர் கீச்சென்று சந்தோஷப்பட்டது.

பின்னாலேயே தன் பழைய பைக்கில் வந்த ஓஸ்வால்டும் அதற்கு ஒரு முட்டுக் கொடுத்தார். சிவாஜிநகர் மார்க்கெட்டில் மீன் கடை வைத்திருக்கும் முகேஷ் கிருஷ்ணப்பாவின் வாடிக்கையாளர். விடியற்காலையில் அவரை ஏற்றி இறக்குவது கிருஷ்ணப்பாதான். டிரேவர் வழியெல்லாம் தனக்குச் சம்பள உயர்வு எப்போதிலிருந்து என்று யோசித்துக்கொண்டே வந்தான்.

முகேஷின் கடையில் வஞ்சிரத்துக்கும் பாறை மீனுக்கும் நடுவில் கல்லுப்பு மூட்டையே கிடந்தது. டிரேவர் ஒரு கல்லை எடுத்து மகாவிடம் நீட்டினான், வெற்றிக்கொடி நாட்டுகிற முகத்தோடு. மகா தன் கைக்குட்டையிலிருந்த கல்லை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். உப்பு உப்பாகத்தான் இருந்தது. அதில் ஊரும் பேரும் எழுதியிருக்கவில்லை.

கிருஷ்ணப்பாவின் வண்டியில் மீன் பெட்டி ஏற்றியதுண்டா என்று கேட்டதும் முகேஷ் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"பெட்டியா? ஒரு தடவை அரைக் கிலோ நெத்திலிய பையில போட்டு மடியில வெச்சிகினு ஏறினேன் குரு. பாதி ரோட்டுல இறக்கி உட்டுட்டாரு. சவாரி வேணும்னா நீ ஏறு, மீனு வேணும்னா அது ஆட்டோல வரட்டும்னாரு. அவரு வண்டி அவருக்குக் கோயில்."

டிரேவரின் சம்பள உயர்வு அங்கேயே ஐஸ் பெட்டிக்குள் விழுந்தது. பூனை ஏன் அங்கே படுத்தது என்பதைப் பூனையிடம்தான் கேட்க வேண்டும்.

மகா கிளம்பத் திரும்பினாள். முகேஷ் அவராகவே ஒரு குறையைச் சொன்னார். வாரத்தில் ஆறு நாளும் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிற மனுஷன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் தலைகீழாக நின்றாலும் வர மாட்டார். ஏர்போர்ட் சவாரி என்றால்கூட வேண்டாம் என்றுவிடுவார். விளக்கு வைப்பதற்குள் வண்டியோடு வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஏன் என்று கேட்டால் வெட்கப்படுவார்.

மகா நின்றாள். "எப்பலேர்ந்து?"

முகேஷ் தாடையைச் சொறிந்தார். ரெண்டு வருஷம் இருக்கும் என்றார்.

அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

கிருஷ்ணப்பாவின் வீடு இருக்கும் ஸ்ரீராம்புரத்துக்குப் போகும் வழியில் டிரேவருக்கு ஒரு புதுக் கதை பிறந்தது. வாரம் ஒரு சாயங்காலம், சொல்ல வெட்கப்படும் காரணம், ஆகவே இன்னொரு குடும்பம். அந்த இன்னொரு குடும்பத்துக்காரி கோபத்தில் வண்டிக்கு உப்பு வைக்கிறாள். வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லி வீட்டுக்கே போகிறவரைப் பற்றி இப்படி ஒரு கதை கட்ட உன்னால்தான் முடியும் என்று மகா சொன்னாள். அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஓஸ்வால்டைச் சந்து முனையில் இருந்த பேக்கரியிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கே இரண்டு மூன்று டாக்ஸிக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் அவரிடம் வண்டி விட்டவர்கள்தான். அவரைப் பார்த்ததும் டீ கிளாஸுக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள். ஓஸ்வால்ட் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

சந்து ஒரு கார் நுழைகிற அகலம்தான். நுழைந்தாலும் ஒரு பக்கக் கதவைத்தான் திறக்க முடியும். கிருஷ்ணப்பாவின் வீடு கடைசி, அதற்கப்புறம் சுவர். அங்கே தரையில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு நீள்சதுரம் காலியாகக் கிடந்தது. மகா அதைச் சுற்றி வந்தாள். வண்டியின் மூக்கு அந்தக் கடைசிச் சுவரை ஒட்டி நிற்கும். வலது பக்கம் எதிர்வீட்டுச் சுவர், கை நுழைய இடமிருக்காது. இடது பக்கத்தில் முன்சக்கரத்தை அடைத்துக்கொண்டு ஒரு தண்ணீர் டிரம். கிருஷ்ணப்பா வீட்டு வாசற்படிக்கு நேராக வருவது ஒரே ஒரு சக்கரம்தான்.

"பின்னால, இடது," என்றான் டிரேவர் மெதுவாக.

யசோதா கதவைத் திறந்தாள். ஸ்பிரிங் ஏன் உடைந்தது என்று பார்க்க வந்திருப்பதாக மகா உள்ளதை உள்ளபடியே சொன்னாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் யசோதாவுக்குக் குரல் எங்கிருந்துதான் வந்ததோ. ஓஸ்வால்டின் கை விளங்காமல் போக வேண்டும் என்பதில் ஆரம்பித்து, அவர் பட்டறையில் புல் முளைக்க வேண்டும் என்பது வரைக்கும் மூச்சு விடாமல் சொன்னாள். சந்து முழுவதும் ஜன்னல்கள் திறந்தன. உள்ளே கட்டிலில் மாவுக்கட்டுக் காலோடு கிடந்த கிருஷ்ணப்பா மட்டும், போதும்டி, அந்த மனுஷன் அப்படிச் செய்யறவரில்ல என்று முனகினார். அவள் அதற்கும் சேர்த்து அவரையும் திட்டினாள்.

மகா கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து கிருஷ்ணப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏன் சவாரி போவதில்லை?

அவர் வெட்கப்பட்டார். முகேஷ் சொன்னது பொய்யில்லை. "இவ ஆர்டருங்க. விளக்கு வெக்கிற நேரத்துக்கு நானும் வாசல்ல இருக்கணும், வண்டியும் வாசல்ல இருக்கணும்."

எதற்கு என்று கேட்பதற்குள் பக்கத்து வீட்டில் மணி அடித்தது. சாபத்தின் நடுவில் யசோதா சட்டென்று நின்றாள். திட்டுவதை அப்படியே ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். விளக்கை ஏற்றினாள். கை நிறைய எதையோ மூடிக்கொண்டு வந்து, புருஷனைக் கிழக்கே பார்த்து உட்காரச் சொன்னாள். முறிந்த காலை மெதுவாகத் திருப்பி வைத்தாள். மூடிய கையால் அவர் தலையைச் சுற்றினாள், அந்தக் காலுக்கு மட்டும் தனியாக இன்னும் ஒரு முறை சுற்றினாள். துப்பு என்றாள், அவர் துப்பினார். கையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் மக்குத் தண்ணீரில் போட்டாள். கல்லுப்பு கடகடவென்று உள்ளே விழுந்தது.

டிரேவர் மகாவைப் பார்த்தான். மகா யசோதாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யசோதா தண்ணீரைக் கலக்கினாள். மக்கைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் இறங்கினாள். இறங்கியவள் அங்கேயே நின்றாள். கை பாதி தூக்கியபடி இருந்தது. எதிரே வண்டி இல்லாத அந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தாள், சந்தைப் பார்த்தாள், மறுபடி கறையைப் பார்த்தாள். கையிலிருந்த தண்ணீரை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மகா எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றாள்.

"வழக்கமா எங்க ஊத்துவீங்கக்கா?"

"இன்னாமா கேக்கற? கால் படாத எடத்துல ஊத்தணும். யாரு மிதிக்கிறாங்களோ அவங்களுக்குப் போயிடும் இல்ல. இந்த சந்துல கால் படாத எடம் எங்க கீது? சாக்கடை மோரி மேலயும் கல்லு போட்டு மூடிட்டாங்கோ, அதும் மேலதான் எல்லாரும் நடக்கறாங்கோ. புள்ளைங்க ஓடற எடம். அதான் வண்டி டயருக்கு மேல, உள்ள தள்ளி ஊத்துவேன். அங்க யாரு மிதிப்பா? வண்டிக்கும் சேத்து சுத்தின மாதிரி ஆச்சு."

சொல்லிவிட்டு அவள் மகாவின் முகத்தைப் பார்த்தாள். 

மகா கைக்குட்டையைப் பிரித்து அந்தக் கல்லை யசோதாவின் உள்ளங்கையில் வைத்தாள். அது ஸ்பிரிங்குக்கு அடியில் இருந்தது என்றாள். உப்புத் தண்ணீர் அந்தக் கிண்ணத்தில் தேங்கும், காயாது, இரும்பை உள்ளே உள்ளே தின்னும் என்று எளிதாகச் சொன்னாள். திட்டுகிற குரலில் சொல்லவில்லை. தன் வேலையில் அவளுக்குப் பிடிக்காத பகுதி இதுதான்.

"அய்யோ தேவ்ரே," என்றாள் யசோதா. "உப்பு கெட்டத எடுக்கும்மா. கெட்டதக் கொண்டாருமா?"

"எப்ப ஆரம்பிச்சீங்க?"

யசோதாவுக்கு அது நினைவில் இருந்தது. ஓஸ்வால்ட் ஸ்பிரிங் மாற்றி வண்டியைக் கொண்டுவந்து விட்ட வாரம். எதிர்வீட்டு தாரணி ஜன்னலில் நின்று, வண்டி பஞ்சு மாதிரி வருதே, புதுசா என்று கேட்டாள். கண் பட்டுவிடுமென்று அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து. எதிர் ஜன்னலில் நின்றிருந்த தாரணி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

வேலையை அவ்வளவு நன்றாகச் செய்ததுதான் ஓஸ்வால்ட் செய்த தவறு என்று டிரேவர் சொல்ல வாயெடுத்தான். யசோதா உள்ளங்கைக் கல்லையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு வாயை மூடிக்கொண்டான். அவனை வேலைக்கு வைத்ததிலிருந்து மகா பார்த்த முதல் அதிசயம் அது.

"எஸ்.ஐ. கிட்ட உப்புன்னு மட்டும் சொல்லிடலாம். யார் ஊத்துனதுன்னு சொல்லாம சமாளிச்சுப் பாக்கறேன்," என்றாள் மகா. "ஆனா அப்படிச் சொன்னா ஓஸ்வால்ட் மேல பாதி சந்தேகம் அப்படியே நிக்கும். முனையில அவரு நிக்கிறாரு. கூட டீ குடிக்கிறவங்க ஒருத்தர்கூட அவர் முகத்தப் பாக்கல."

யசோதா திரும்பி உள்ளே பார்த்தாள். கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கிருஷ்ணப்பா தன் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். இப்போது அவருடைய முறை, என்ன சொன்னாலும் நியாயம்தான். சந்தே காத்திருந்தது.

"யசோ," என்றார். "நீ மட்டும் உப்பு சுத்தலன்னா ரெண்டு காலும் போயிருக்கும்."

அதுவரைக்கும் அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு, சந்து முனைக்கு நடந்தாள். ஜன்னல்களில் இருந்தவர்கள் எல்லாம் கதவுக்கு வந்தார்கள், கதவுக்கு வந்தவர்கள் பின்னால் நடந்தார்கள். பேக்கரி வாசலில் ஓஸ்வால்ட் அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் பைக் சாவியைத் தேடினார். அடி விழப்போகிறது என்றுதான் நினைத்திருப்பார்.

மகா போனில் அம்ருதாவைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள். யசோதா போனுக்குப் பேசவில்லை, டீ கிளாஸ்களுக்குப் பேசினாள்.

"ஸ்பிரிங் ஒடைஞ்சதுக்கு நான்தான் காரணம். வாராவாரம் உப்புத் தண்ணிய அது மேல ஊத்தினேன். ஓஸ்வால்ட் அண்ணன் மாட்டினது நல்ல சாமான். அவரு வேலைல ஒரு குத்தமும் இல்ல. நாளைக்கு நான் கையெழுத்துப் போட வரமாட்டேன்."

மறுமுனையில் அம்ருதா ஃபாரத்தை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாள்.

"உப்பு," என்றாள் மகா.

"இதுவரைக்கும் யாரும் அப்படி எழுதல. பரவாயில்ல, எழுதறேன்," என்று அம்ருதா போனை வைத்தாள்.

டாக்ஸிக்காரர்களில் ஒருவர் எழுந்து ஓஸ்வால்டுக்கு ஒரு டீ சொன்னார். திங்கட்கிழமை வண்டியைக் கொண்டுவரலாமா, முன்பக்கம் ஏதோ சத்தம் கேட்கிறது என்றார். இன்னொருவர், முதலில் என்னுடையது என்றார். ஓஸ்வால்ட் இருவருக்கும் தலையாட்டினார். 

"என் வாயி உங்க மேல பட்டுப்போச்சுண்ணா," என்றாள் யசோதா. "கொஞ்சம் கிழக்க பாத்து நில்லுங்க."

ஓஸ்வால்ட் சிலுவை போட்டுக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றார். வீட்டிலிருந்து புதிதாக உப்பு கொண்டுவர ஆள் ஓடியது. கைமூடிச் சுற்றி, துப்பச் சொல்லி, அதே மக்கில் போட்டுக் கலக்கினாள். பிறகு எல்லாருடைய தலையும் ஒரே நேரத்தில் அந்த மக்கின் பக்கம் திரும்பியது. தங்கள் வண்டிகளை ஒட்டி நின்ற டாக்ஸிக்காரர்கள் இரண்டடி முன்னால் வந்து அவற்றை மறைத்துக்கொண்டார்கள்.

"எங்கிட்ட குடுங்கக்கா," என்றான் டிரேவர்.

மக்கை இரண்டு கையிலும் ஏந்தி, மெயின் ரோட்டைத் தாண்டி, வேலி போட்ட காலி மனைக்குள் கை விட்டு, இரும்பும் காலும் படாத ஒரு கற்குவியல் மேல் கவிழ்த்துவிட்டு வந்தான். கூட்டம் கைதட்டியது. அவன் குனிந்து வணங்கினான்.

இருட்டத் தொடங்கியபோது இருவரும் ஸ்கூட்டரில் ஏறினார்கள். முதல் ஹம்ப்பிலேயே பின்பக்கம் கீச்சென்றது. இரண்டாவதில் கீச்சுக்குப் பின்னால் இன்னொரு சத்தமும் வந்தது. டிரேவர் வண்டியை ஓரமாக நிறுத்தினான். இறங்கிப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தான். ஸ்பிரிங்கை விரலால் தடவினான், அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அதை நாக்கில் வைத்தான்.

போனை எடுத்தான்.

"மம்மி, ஒண்ணு கேக்கணும். எனக்கு உப்பு சுத்திப் போடறியே, அந்தத் தண்ணிய எங்க ஊத்தற?"

பதில் மகாவுக்கே கேட்டது. அவன் அம்மாவின் குரல் எப்போதும் கொஞ்சம் பெரியது. "வேற எங்க ஊத்துவேன் மேன்? உன் ஸ்கூட்டர் பின்டயர்லதான். எத்தன பேரு கண்ணு வெக்கிறாங்க அந்த வண்டி மேல."

டிரேவர் போனை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுத் திரும்பினான். மகா அதற்குள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் ஒரு ஆட்டோவை நிறுத்தியிருந்தாள்.